இஸ்திரி போட்ட வெல்வெட்

கடைக்கு இந்த வருஷத்து வெல்வெட் வந்து இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் அதைத் தொட்டுப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, தோளில் போட்டு செல்ஃபியும் எடுத்திருப்பீர்கள். தப்பில்லை. நானும் சேர்ந்த புதிதில் அதைத்தான் செய்தேன், செல்ஃபி ஒன்றுதான் பாக்கி. தீபாவளிக் கூட்டம் வடிந்ததும் கிறிஸ்துமஸ் கூட்டம் ஏறும். அதற்குள் நான் சொல்வதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு வாய்தான் ஓய்வு பெறவில்லை.

சுற்றிலும் கம்பெனிகளாக இருக்கும் படப்பையில் துணி விற்பது தனி வித்தை. நம்மிடம் வருகிறவர்கள் வருஷம் முழுக்க ஒரே நிற யூனிஃபார்ம், ஒரே மாதிரி ஷூ, தலையில் வலைத்தொப்பி என்று இருப்பவர்கள். பண்டிகை என்றால் ஒரே ஒரு நாள் மற்றவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். அந்த ஆசையைப் பார்த்து நான் சிரித்ததே இல்லை. வேறு எத்தனையோ விஷயங்களுக்குச் சிரித்திருக்கிறேன்.

வெல்வெட் தானே மேளம் கொட்டுகிற துணி. அதன்மேல் கல் நெக்லஸ், ஜரிகைத் துப்பட்டா, மினுமினுக்கும் செருப்பு எல்லாம் சேர்ந்தால் பார்க்கிறவனுக்குக் காது வலிக்கும். ஒரு ஆளுக்கு ஒரு வெல்வெட் போதும். மேலே வெல்வெட் என்றால் கீழே பளபளப்பே கூடாது. இன்னொன்று, வெல்வெட் எதையும் மறக்காது. எது அழுத்தினாலும் அந்த அடையாளத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பெண் எங்களிடம் வாங்கிய வெல்வெட் ரவிக்கையில் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு விழுந்திருக்கிறது, டேமேஜ் துணியைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தாள். கம்பெனி கிறிஸ்துமஸ் விழாவுக்குப் போட்டுப் போயிருக்கிறாள். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கழுத்தில் தொங்கிய அந்த நாடா நாள் முழுக்க அழுத்திய கோடு அது. அட்டையை இடுப்பில் க்ளிப் போட்டு மாட்டம்மா என்றேன். "அப்ப இடுப்புல கோடு விழாதா?" என்று கேட்டாள்.

இப்படியெல்லாம் ஊருக்கு உபதேசம் செய்த நானே வெல்வெட்டிடம் மாட்டிய கதை ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன். என் சாமர்த்தியத்தைப் பற்றி முதலாளி உங்களுக்கு ஏற்கெனவே கதை கதையாகச் சொல்லியிருப்பார். அதில் பாதி நானே அவருக்குச் சொன்னது.

டிசம்பர் பாதியில் ஒரு பகல். எல்லோரும் ஷிஃப்டில் இருக்கும் நேரம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். முறுக்கிய மீசையும் நிமிர்ந்த முதுகுமாக ஒருவர் உள்ளே வந்தார். சாதாரணச் சட்டைதான், ஆனால் காலில் டியூட்டி ஷூ. ஆளை எனக்குத் தெரியும். ஒரகடம் ரோட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி இன்சார்ஜ், பெயர் தேவராஜ். நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டேதான் கடைக்குள் நுழைவார்கள்.

"யக்கா, பசங்க போடுற வெல்வெட் கோட்டு கீதா?" என்றார்.

"யாருக்கு சார்?"

"ஒரு பையனுக்கு."

"உங்க பையனுக்கா?"

"பையனுக்குத்தான்க்கா. கோட்டு கீதா, இல்லியா, அத்த சொல்லுங்க."

பீட்ரூட் நிறத்தில் ஒரே மாடல் இருந்தது. மார்பளவு கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத ஒரு ஆளைத் தோளிலிருந்து ஆரம்பித்து, அக்குள் வழியாக இடுப்புவரை தட்டித் தடவினார். பிறகு கைகளை அப்படியே அந்தரத்தில் நிறுத்தி, "இவ்ளோ" என்றார். நான் டேப்பை அந்தக் காற்றின்மேல் வைத்து அளந்தேன். கணக்குப் போட்டால் நாற்பத்திரண்டு வந்தது.

"சரியா இருக்குமா சார்?"

"தெனம் ரெண்டு வாட்டி நான்தான்க்கா செக் பண்றேன். உள்ள போம்போது ஒண்ணு, வெளிய வரும்போது ஒண்ணு. எனுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவருடைய ஒரே மகள் ஜெனிஃபர், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் சரவணன் என்ற பையனை அந்த ஜனவரியில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். பையன் தெற்கே விளாத்திகுளம் பக்கம், இந்து. மகளோடு இருந்த கோபம் மூன்று மாதத்தில் கரைந்துவிட்டது. போனில் அவளைத் திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே வீட்டுக்குக் கூப்பிட்டார். மருமகனிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. கேட்டில் சோதனை போட அவருக்குக் கீழே நான்கு பேர் உண்டு. ஆனால் சரவணன் வரும்போது மட்டும் மற்றவர்களை விலக்கிவிட்டு இவரே முன்னால் வந்து நிற்பாராம். அவன் இரண்டு கையையும் தூக்குவான், இவர் தடவிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், அவன் போவான். பதினோரு மாதமாக மாமனாருக்கும் மருமகனுக்கும் இருந்த போக்குவரத்து அவ்வளவுதான்.

இது அவனுக்குத் தலைக் கிறிஸ்துமஸ். தலைக் கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளைக்குத் துணி எடுக்காத மாமனாரை ஊர் சும்மா விடாது. எடுத்துக் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அவர் பட்ட பாடு அவர் முகத்தில் தெரிந்தது. நான் ஒன்றும் தெரியாதவள்போலக் கோட்டை மடித்துக் கொடுத்தேன். அந்தக் காற்றளவை எடுத்த என் திறமையை மாலைவரை எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது பிறகு வரும்.

டிசம்பர் இருபத்துநான்கு. அன்றைக்குக் கடை எப்படி இருக்கும் என்று நீங்கள் இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் நின்றுகொண்டிருந்தபோது ஜெனிஃபரும் சரவணனும் வந்தார்கள். அவள் கண் சிவந்திருந்தது. அவன் கையில் நம் கடைப் பை. பையிலிருந்து கோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தான்.

இடது மார்பில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு, அச்சு அசலாக.

"கொஞ்சம் மடிப்பு விழுந்து இருந்துச்சுக்கா" என்றான் சரவணன். "மாமா முன்னாடி கசங்கலாப் போயி நிக்கக் கூடாதுல்லா. அதான் யூனிஃபார்முக்குப் போடுத மாதிரி அழுத்திப் போட்டுட்டேன்."

ஆத்திரமாக வந்தது எனக்கு, ஆனால் அவன் முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை. மரியாதைக்காக ஒருவன் செய்த தப்பு அது. எங்கள் கடையில் துணி திருத்துகிற டெய்லரை மாஸ்டர் என்போம். மாஸ்டர் அந்த இடத்தில் ஆவி காட்டிப் பார்த்தார், பிரஷ்ஷால் நீவிப் பார்த்தார், கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

"நசுங்கினதுன்னா எழுப்பிடலாம்க்கா. இது எரிஞ்சிகீது. எழும்பாது."

"வேற கோட்டு கொடுத்துடுங்கக்கா" என்றாள் ஜெனிஃபர்.

அந்த நிறத்தில் வேறு கோட்டு இல்லை. வேறு நிறம் கொடுத்தால், மணிக்கு இருநூறு பேரைக் கண்ணாலேயே சலித்து உள்ளே அனுப்புகிற மனிதரை ஏமாற்ற முடியுமா? போடாமல் போகலாமா என்று கேட்டேன். அவள் என்னைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னாள்.

"அப்பா இந்தக் கோட்ட அம்மாகிட்ட குடுத்து இன்னா சொன்னாரு தெரியுமாக்கா? 'கோட்டு போட்டுக்கினு சர்ச்சுக்கு வரட்டும், அப்பால பாக்கலாம்'னாரு. அவ்ளோதான் சொன்னாரு. போடாம போனா நான் குடுத்தது புடிக்கலியான்னு நெனச்சுப்பாரு. இவரு வேற, இந்த வாட்டியும் மாமா பேசலன்னா ஊருக்கே போயிடலாம், அங்க வேலை பாத்துக்கலாம்னு சொல்லிட்டாரு. நான் எங்கக்கா போவேன், அப்பாவ வுட்டுட்டு?"

ஒரு கோட்டில் இவ்வளவு தொங்கிக்கொண்டிருந்தது. சரி, முதலில் போட்டுக் காட்டு என்று சரவணனிடம் சொன்னேன். போட்டான். கை விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. தோள் இரண்டும் தொங்கின. முப்பத்தெட்டு உடம்புக்கு நாற்பத்திரண்டு கோட்டு.

"கேட்டுல செக் பண்ணும்போது என்னப்பா போட்டிருப்பே?"

"ஜெர்க்கின் போட்டிருப்பேன்க்கா. காலைல வண்டில வரும்போது குளிருமே."

அதுதான் நான் கேட்காமல் விட்ட கேள்வி. ஜெர்க்கினோடா, ஜெர்க்கின் இல்லாமலா? பிள்ளைகளே, அளவு சொல்கிறவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

ஆனால் என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், அந்தத் தப்பே அன்று கை கொடுத்தது. கோட்டைச் சின்னதாக்கினால் துணி மிஞ்சும். மிஞ்சிய துணியில் ஒரு பாக்கெட் வெட்டி எரிந்த இடத்தின்மேல் வைத்துத் தைத்துவிடலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மாஸ்டர் கோட்டின் கையை வெட்டினார், தோளை உள்ளே பிடித்தார், பக்கவாட்டுத் தையலைப் பிடித்தார், கீழ்மடிப்பை ஏற்றினார். பாக்கெட் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "யக்கா, இதுல மேல் எது, கீழ் எது?" என்றார்.

வெல்வெட்டுக்குப் பூனை முதுகு மாதிரி ஒரு திசை உண்டு. ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் தடுக்கும். நிறமும் ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் வெளுப்பு. எல்லாத் துண்டும் ஒரே திசையில் நிற்க வேண்டும். கண்ணை நம்பாதே, உள்ளங்கையால் தடவிப் பார் என்று இந்தக் கடையில் நான் கத்தாத நாளில்லை. மாஸ்டர் கேட்டபோது என் ஒரு காதில் போன், மறு காதில் ஃப்ராக் கேட்டு அழும் ஒரு குழந்தை. எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியேதான், வைங்க" என்றேன். தடவவில்லை.

டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளே வெறும் க்ரீம் சட்டை, கீழே பளபளப்பில்லாத கறுப்பு பேன்ட். கழுத்தில் கிடந்த சங்கிலியை உள்ளே தள்ளச் சொன்னேன். டை கட்ட ஆசைப்பட்டான், வேண்டாம் என்றேன். பாக்கெட்டில் க்ரீம் நிறக் கைக்குட்டை அரை விரல் அளவுக்கு எட்டிப் பார்க்கும்படி வைத்தேன். பையன் அழகாகத்தான் இருந்தான். ஜெனிஃபர் அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

"காலையில வண்டியில வராதீங்க, முதுகு கசங்கும். நேரா நில்லு. அவரைப் பார்த்ததும் பழக்கத்துல கையைத் தூக்கிடாதே" என்றேன். "பாக்கெட்டைப் பத்தி யாராவது கேட்டா, புது மாடல்னு சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறக்காதே."

சரவணன் தலையை ஆட்டினான். அந்த ஆட்டலில் உறுதி இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை நானும் அதே சர்ச்சில்தான் இருந்தேன். கும்பிடத்தான் போனேன் என்று சொன்னால் ஆண்டவரே நம்பமாட்டார். கோட்டைப் பார்க்கத்தான் போனேன். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசை. சரவணன் ஆண்கள் பக்கம் ஓரமாக, ஜன்னலை ஒட்டி நின்றான். எட்டரை மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து அவன்மேல் நேராக விழுந்தது.

கோட்டு பீட்ரூட் நிறத்தில் இருந்தது. பாக்கெட் ரோஸ் நிறத்தில் இருந்தது. தலைகீழாக வைத்துத் தைத்திருக்கிறோம். டியூப்லைட்டில் அடங்கிக் கிடந்தது, வெயிலில் விளம்பரப் பலகை மாதிரி நின்றது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து ஏதோ சொன்னார்கள். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, வேறு ஒரு பிரார்த்தனை செய்துகொண்டிருந்தேன்.

காணிக்கைப் பையைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தவர் யார் என்கிறீர்கள்? தேவராஜேதான். சரவணனுக்கு முன்னால் வந்து நின்றார். பை நின்றது, பாட்டு நிற்கவில்லை. அவர் கண் பாக்கெட்டில் இருந்தது. ஒரு முழுச் சரணம் அப்படியே நின்றார். சரவணன் பையில் காணிக்கையைப் போட்டான். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

ஆராதனை முடிந்ததும் நான் முந்திக்கொண்டேன். வாசலில் மாமனாரும் மருமகனும் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். ஜெனிஃபர் நடுவில், புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு. நான் இடையில் புகுந்தேன்.

"எப்படி இருக்கு சார் கோட்டு? பாக்கெட் பாத்தீங்களா? ரெண்டு ஷேடு. இந்த வருஷம் இதுதான் ஃபேஷன்."

"ஃபேஷனாக்கா?"

"ஆமா சார். பெரிய கடைங்கள்ல எல்லாம் இப்ப இப்படித்தான் வைக்கிறாங்க. நாங்களே தனியா தச்சுக் கொடுத்தோம்."

பொய் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கை கால் முளைத்துவிடும். பக்கத்தில் நின்ற ஒரு இளைஞன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து, "சூப்பரா கீது ப்ரோ, எங்க எடுத்தது?" என்று கேட்டான். நான் கடைக்கு வழி சொன்னேன். தேவராஜ் மீசையைத் தடவிக்கொண்டு நம்பவும் நம்பாமலும் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் முழுதாக நம்பவைத்திருப்பேன்.

"இல்ல மாமா" என்றான் சரவணன்.

"நான் இஸ்திரி போட்டு எரிச்சிட்டேன் மாமா. நீங்க வாங்கிக் குடுத்ததுன்னு, மடிப்பில்லாம போடணும்னு நெனச்சேன். எரிஞ்சு போச்சு. அத மறைக்கத்தான் பாக்கெட்டு. அக்கா எனக்காவதான் பொய் சொல்லுதாவ. உங்ககிட்ட மறைச்சுக் கொண்டு போவ எனக்கு ஏலல."

தேவராஜின் முகம் சிவந்தது. முதலில் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் வாடிக்கையாளர்களைச் சமாளித்த நான் அந்த இடத்தில் என்ன செய்தேன் தெரியுமா? "ஹேப்பி கிறிஸ்துமஸ் சார்" என்று சொல்லிவிட்டு, என் முட்டி வலியையும் மறந்து ஓடிப்போய் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். சுத்தக் கோழைத்தனம். இதையும் எழுதாமல் விட்டால் மற்றதையெல்லாம் எழுதியதற்கு அர்த்தமில்லை.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. நம் வேலை கண்ணாடி முன்னால் ஆளை நிறுத்துவதோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு நடப்பது அவர்கள். யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். துணியைத் திருத்தலாம், சட்டை நிறம் சொல்லலாம், சங்கிலியை உள்ளே தள்ளச் சொல்லலாம். அவன் வாயில் வார்த்தையைத் தைத்து அனுப்ப நான் யார்? மற்றபடி, அந்த வாரமே நாலு பையன்கள் வந்து அதே தலைகீழ்ப் பாக்கெட்டைக் கேட்டார்கள் என்பதும், மாஸ்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நாலும் தைத்துக் கொடுத்தார் என்பதும் வேறு கதை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் மூன்று மணி இருக்கும். போன் அடித்தது, ஜெனிஃபர். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கடைசி மணியில் எடுத்தேன். எடுத்ததும் விசும்பல்தான் கேட்டது.

"என்னம்மா ஆச்சு? எங்க இருக்கே?"

"அப்பா வூட்லதான்க்கா. ரெண்டு பேரும்தான் வந்தோம்."

"அப்பா பேசினாரா?"

"திட்னாருக்கா. சர்ச் வாசல்ல ஆரம்பிச்சு வூடு வர வரைக்கும் திட்னாரு. 'அறிவு கீதாடா ஒனக்கு, வெல்வெட்டுக்கு எவனாவது இஸ்திரி போடுவானா, இவள மாதிரியே நீயும் முட்டாளாடா'ன்னு ரோடெல்லாம் கத்திக்கினே வந்தாரு. சோறு போடும்போதும் திட்னாரு. இன்னும் நிறுத்தல, கேக்குதா?"

கேட்டது. பின்னால் தேவராஜின் குரல் ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தது. நடுவில் சரவணனின் "சரி மாமா, சரி மாமா" வந்துகொண்டிருந்தது.

"அதுக்கு ஏம்மா அழறே?"

"இவரையும் என்னைத் திட்ற மாதிரியே திட்றாருக்கா."